யாருடைய நகை? காந்தி கைவிட்ட பொருட்களின் கதை

இந்த வாரத் தலைப்பு மினிமலிசம். யூடியூபைத் திறந்தாலே தெரியும்: வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், ஜன்னலோரம் ஒரு செடி, அலமாரியில நாலு சட்டை. ஒரு வருஷமா தொடாத பொருள் எல்லாத்தையும் தூக்கிப் போடுங்கன்னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொல்லுவார். எப்படித் தூக்கிப் போடுறது, எதை முதல்ல போடுறதுங்கிறதை அவங்களே சொல்லட்டும். நாம வழக்கம்போல வரலாற்றுக்குப் போயிடலாம்.

பொருட்களை விடுறதையே வாழ்நாள் வேலையா வச்சிருந்த ஒருத்தர் காந்தி. கடைசிக் காலத்துல அவர்கிட்ட இருந்த கண்ணாடி, செருப்பு, கடிகாரம் எல்லாம் நமக்குப் படத்துல பார்த்துப் பழகினவைதான். அவர் ஒவ்வொண்ணா விட்டுக்கிட்டு வந்தப்ப கூட இருந்தவங்களுக்கு என்ன ஆச்சு? அந்தப் பக்கத்தை நாம அவ்வளவா பேசுறதில்லை.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரம், 1890-களின் கடைசி. காந்தி அங்கே நல்லா சம்பாதிக்கிற பாரிஸ்டர். மேஜை, நாற்காலி எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டு வசதியா குடித்தனம் ஆரம்பிச்சவர்தான். கொஞ்ச நாளிலேயே அதுல மனசு ஒட்டலை. முதலில் கண்ணை உறுத்தினது சலவைச் செலவு. உடனே சலவை பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் படிச்சு, தானே துவைக்க ஆரம்பிச்சார், கஸ்தூரிபாவுக்கும் கற்றுக்கொடுத்தார். (இதைக் கவனிச்சுக்கோங்க. எளிமைங்கிற முடிவை எடுத்தது ஒருத்தர், துவைச்சது ரெண்டு பேர்.) முதல் தடவை காலருக்குக் கஞ்சி கொஞ்சம் அதிகமாப் போயிடுச்சு. கருகிடுமோன்னு பயந்து சரியா அழுத்தித் தேய்க்கவும் இல்லை. அந்தக் காலரோடேயே கோர்ட்டுக்குப் போனார். கஞ்சி சொட்டுறதைப் பார்த்து மற்ற வக்கீல்கள் சிரிச்சாங்க. அவர் அதுக்கெல்லாம் கவலைப்படலை.

இது வரைக்கும் வேடிக்கைதான். 1901-ல் வந்தது வேற மாதிரி. அந்த வருஷம் காந்தி குடும்பத்தோட இந்தியாவுக்குத் திரும்ப முடிவு பண்ணினார். நேட்டால் இந்தியர்கள் அவரைச் சும்மா அனுப்பலை. பிரிவு உபசாரக் கூட்டங்கள், அதுல பரிசுகள்: தங்கம், வெள்ளி, வைரம். கஸ்தூரிபாவுக்குன்னு தனியா ஒரு தங்க நெக்லஸ், 50 கினி மதிப்பு. ஒரு கினின்னா ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். அன்னைக்கு அது பெரிய தொகை.

பரிசுகள் மொத்தமா வந்த அன்னைக்கு ராத்திரி காந்தி தூங்கலை, அறைக்குள்ளேயே நடந்துக்கிட்டிருந்தார். பொதுச் சேவைக்குக் கூலி வாங்கலாமா? அன்பளிப்புன்னு பேர் மாத்திட்டா அது கூலி இல்லைன்னு ஆயிடுமா? நகை மோகத்தை விடுங்கன்னு ஊருக்குச் சொல்லிட்டு நம்ம வீட்டுப் பெட்டியில வைரம் வச்சிருந்தா எப்படி? வேண்டாம்னு சொல்றதும் கஷ்டமா இருந்தது, வச்சுக்கிறது அதைவிடக் கஷ்டமா இருந்ததுன்னு பிற்பாடு சுயசரிதையில எழுதியிருக்கார். விடியறதுக்குள்ள முடிவாயிடுச்சு. எல்லாத்தையும் சமூகத்துக்கான ஒரு அறக்கட்டளையா ஆக்கி, பார்சி ருஸ்தம்ஜி முதலானவங்களை அறங்காவலரா போட்டு ஒரு கடிதம் தயார்.

கடிதம் தயாரான பிறகுதான் வீட்டுல கேட்கிறார், வரிசை அப்படி. முதல்ல பிள்ளைகள்கிட்ட. அவங்க உடனே சரின்னுட்டாங்க. மூத்தவர் ஹரிலாலுக்கே அப்போ 13 வயசுதான். பிறகு, பிள்ளைகளையும் தன் பக்கம் சேர்த்துக்கிட்டு, மனைவிகிட்ட.

கஸ்தூரிபா ஒத்துக்கலை. அவங்க வாதத்தை நமக்காக எழுதி வச்சிருக்கிறவரே காந்திதான். அவங்க தரப்பை மழுப்பாம எழுதினதுக்காக அவரைப் பாராட்டணும். உங்களுக்குத் தேவையில்லாம இருக்கலாம், பசங்க நீங்க ஆட்டிவைக்கிறபடி ஆடுவாங்க, நான் போட்டுக்கக் கூடாதுன்னா அதுவும் புரியுது; நாளைக்கு வரப்போற மருமகள்களுக்கு என்ன பதில்னு கேட்டாங்க. நாளைக்கு என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்னும் கேட்டாங்க. மருமகள்களுக்கு வேணும்னா என்கிட்ட கேளுன்னார் காந்தி. உங்ககிட்டயா, என் நகையைக் கழட்ட வச்சவர் நீங்க, உங்களை எனக்குத் தெரியாதான்னு பதில் வந்தது. வெறும் கோபப் பேச்சு இல்லை இது. 1888-ல் லண்டன் படிப்புக்குப் பணம் வேணும்னதும், மனைவி நகையை விற்கலாம்னு யோசனை சொன்னவர் இதே காந்திதான்.

அடுத்து சண்டையோட மையம். என் நெக்லஸ் மேல உங்களுக்கு என்ன உரிமைன்னு கேட்டாங்க கஸ்தூரிபா. அது உன் சேவைக்காகக் கிடைச்சதா, என் சேவைக்காகக் கிடைச்சதான்னு திருப்பிக் கேட்டார் காந்தி. நல்ல வக்கீல், நறுக்குன்னு கேட்டுட்டார். ஆனா பதில் அதைவிட நறுக்குன்னு இருந்தது. நீங்க செஞ்ச சேவை நானும் செஞ்சதுதானே, ராத்திரி பகல்னு இந்த வீட்டுக்கு உழைச்சேனே, அது சேவைக் கணக்குல வராதான்னு கேட்டாங்க.

அந்தக் கேள்வி தைச்சதுன்னு காந்தியே ஒத்துக்கிறார். ஆனாலும் முடிவு மாறலை. எப்படியோ சம்மதம் வாங்கினேன்னு எழுதுறார். மனசார வந்த சம்மதம்னு அவரே சொல்லலை. 1896-ல் வந்த பரிசுகள், 1901-ல் வந்தவை எல்லாம் வங்கிக்குப் போச்சு, சமூகத் தேவைக்கான நிதியா ஆச்சு.

காந்தி பண்ணினது தப்புன்னு சொல்ல வரலை. பொதுவாழ்க்கையில இருக்கிறவங்க பரிசு வாங்கினா என்ன ஆகும்னு நமக்கு இன்னைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனா நகைங்கிறது அந்தக் காலப் பெண்ணுக்கு அலங்காரம் மட்டுமா? வீடு புருஷன் பேர்ல, சம்பாத்தியம் புருஷன் கையில. அவளுக்குன்னு இருந்த ஒரே சேமிப்பு கழுத்துல தொங்கினதுதான். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் காலேஜ் ஃபீஸுக்கும் அடகுக் கடைக்குப் போன வளையல்களை நம்ம வீடுகள்லயும் பார்த்திருக்கோமே. நாளைக்கு என்ன நடக்கும்னு கஸ்தூரிபா கேட்டதை பேராசைன்னு படிச்சா நாம கதையைத் தப்பாப் படிக்கிறோம். ஒரு பொருள் வேணுமா வேண்டாமாங்கிறது ஒரு கேள்வி. அதை முடிவு பண்ண வேண்டியது யாருங்கிறது தனிக் கேள்வி. அன்னைக்கு ராத்திரி காந்தி முதல் கேள்வியோடதான் நடந்துக்கிட்டிருந்தார்.

அடுத்த சில வருஷங்களை வேகமா கடந்துடலாம். இந்தியாவுக்கு வந்தவர் அடுத்த வருஷமே மறுபடி தென்னாப்பிரிக்கா போனார். 1904-ல் போலக் கொடுத்த ரஸ்கின் புத்தகத்தை ரயிலில் ராத்திரி முழுக்கப் படிச்சார். டர்பனுக்குப் பக்கத்துல ஃபீனிக்ஸ் குடியிருப்பு உருவாச்சு. 1910-ல் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் 1100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை. நிலம் கொடுத்தவர் ஹெர்மன் காலன்பாக், வசதியான கட்டடக் கலைஞர். வீட்டு வாடகை போக தனக்கு மட்டும் மாசம் 1200 ரூபாய் செலவு பண்ணின மனுஷன், காந்தி சகவாசத்துல அதை 120 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்.

இவரோட பைனாகுலர் கதையை நெக்லஸ் கதைக்குப் பக்கத்துல வச்சுப் பார்க்கணும். 1914, ரெண்டு பேரும் இங்கிலாந்துக்குக் கப்பலில், மூன்றாம் வகுப்பில் போறாங்க. காலன்பாக்குக்குப் பைனாகுலர்னா உயிர், விலை உயர்ந்ததா வச்சிருந்தார். எளிமைன்னு பேசிக்கிட்டு இது எதுக்குன்னு காந்தி தினமும் விவாதம். கடைசியில, நமக்குள்ள சண்டை மூட்டுற இந்தப் பொருளைக் கடலில் போட்டுடலாமேன்னு காந்தி சொல்ல, தாராளமா போடுங்கன்னார் காலன்பாக். போட்டார். 7 பவுண்டு கடலுக்குள்ள போச்சு. அதுக்கப்புறம் காலன்பாக் வருத்தப்படவே இல்லைன்னு காந்தி சொல்றார். இருக்கலாம். பொருள் காலன்பாக்கோடது, தலையாட்டினதும் அவர்தான். கையில ஒரு தொழில் இருந்தது, திரும்பிப் போக ஒரு வாழ்க்கை இருந்தது. கஸ்தூரிபாவுக்கு அப்படி எதுவும் இல்லையே.

இனி நம்ம ஊருக்கு வரலாம். 1921, ஒத்துழையாமை இயக்கம், அந்நியத் துணி பகிஷ்காரம். ஜூலை கடைசியில பம்பாயில அந்நியத் துணியைக் குவிச்சு எரிச்சாங்க. எரிக்கிறதுக்குப் பதிலா ஏழைகளுக்குக் கொடுக்கக் கூடாதான்னு அப்பவே கேள்வி வந்தது. நண்பர் ஆண்ட்ரூஸே மனசு வருந்தி எழுதினார். நமக்கு வேண்டாததை ஏழை தலையில கட்டுறது அவரை அவமானப்படுத்துறது, அவருக்குத் தேவை வேலைங்கிறது காந்தியோட நிலை. பழைய துணியை மூட்டை கட்டி யாருக்காவது கொடுத்துட்டு நிம்மதியா உட்கார்ற நம்மளை இது கொஞ்சம் நெளிய வைக்கும்.

அந்த வருஷம் செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வர்றார். பெட்டியில இருந்தவங்க அந்நியத் துணி போட்டிருந்தாங்க. கதர் வாங்குற அளவுக்கு எங்ககிட்ட காசு இல்லைன்னாங்க. கதர் கிடைக்கலைன்னா வேட்டியைச் சுருக்கிக் கோவணமாக் கட்டிக்கோங்கன்னு ஊருக்கு உபதேசம் பண்ணிக்கிட்டு, தான் மட்டும் தொப்பி, சட்டை, முழு வேட்டியோட நிற்கிறது அவருக்கு உறுத்திச்சு. செப்டம்பர் 22 ராத்திரி மதுரை மேலமாசி வீதி வீட்டுல முடிவெடுத்தார். மறுநாள் காலை அரையாடையில வெளியே வந்தார்.

பாடப்புத்தகத்துல விட்டுப்போற ஒரு தகவல் உண்டு. முதலில் அவர் அறிவிச்சது அக்டோபர் 31 வரைக்கும்தான். அந்த ஒரு மாசச் சோதனைதான் ஆயுசுக்கும் நீடிச்சது. இன்னொண்ணு: கூட வேலை செய்றவங்களும் சட்டையை விடணும்னு தான் எதிர்பார்க்கலைன்னு அதே அறிக்கையில சொன்னார். 1901-ல் நெக்லஸுக்கு வாதாடினவர், 1921-ல் தன் சட்டையை மட்டும்தான் கழட்டினார். இந்த இருபது வருஷத்துல அவர் கத்துக்கிட்டதுல இதுவும் ஒண்ணுன்னு எனக்குப் படுது.

ஆனா முழுசா கத்துக்கிட்டாரான்னு கேட்டா, தயக்கமா இருக்கு. ரெண்டு சம்பவம் சொல்றேன். 1915 பம்பாய் காங்கிரஸ் சமயம். காந்தி மேஜையில எதையோ மும்முரமா தேடுறதைக் காகா காலேல்கர் பார்க்கிறார். தேடினது ஒரு குட்டிப் பென்சில். என்னோடதை எடுத்துக்கோங்கன்னாலும் கேட்கலை. சென்னையில ஜி. ஏ. நடேசனோட சின்னப் பையன் ஆசையாக் கொடுத்ததாம் அது. ரெண்டு பேரும் தேடி எடுத்தாங்க, ரெண்டு அங்குலம்கூட இல்லை. வைரத்தை விட்டவர் பென்சிலை விடலை. இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொண்ணு பிடிக்காத கதை. 1929, சபர்மதி ஆசிரமம். யாரோ கொடுத்த நாலு ரூபாயைக் கஸ்தூரிபா அலுவலகத்துல ஒப்படைக்காம வச்சிருந்தாங்க. ஆசிரம விதிப்படி அது தப்பு. காந்தி அதைத் தன் பத்திரிகையில, பேரோட, ஊரறிய எழுதினார். நாலு ரூபாய்க்கு. தன் வீட்டாரையும் விட்டுவைக்காத நேர்மைன்னு இதைப் புகழ்றவங்க இருக்காங்க. எனக்கு 1901-ல் கேட்ட கேள்விதான் ஞாபகம் வருது: ராத்திரி பகலா உழைச்சவங்களுக்குன்னு ஒரு நாலு ரூபாய் கணக்குல வராதா?

1944 பிப்ரவரி 22, புனே ஆகா கான் மாளிகைச் சிறையில கஸ்தூரிபா காலமானாங்க. காந்தி நூற்ற நூலில் நெய்த புடவை ஒண்ணு அவங்ககிட்ட இருந்தது. அதை உடுத்தித்தான் தகனம் பண்ணினாங்க.

டால்ஸ்டாய் பண்ணையில இருந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றி இன்னைக்குச் சொல்ல நேரமில்லை, அது அடுத்த எபிசோடுல.