ஒரு குஞ்சும் ஒரு அனுமதியும்

அழிந்து கொண்டிருக்கும் ஒரு பறவையைத் தொட்டு ஆராய அனுமதி கொடுக்கலாமா? கலிபோர்னியாவில் இது பெரிய சண்டையாகவே ஆனது.

காண்டர் என்பது செத்த விலங்குகளைத் தின்னும் ராட்சதக் கழுகு. இறக்கை விரித்தால் ஒன்பது அடி! 1980 ஜூனில், முறையாக அனுமதி வாங்கிய ஆய்வாளர்கள் ஒரு குஞ்சை எடை பார்த்து அளந்து கொண்டிருந்தார்கள். அது அதிர்ச்சியில் அவர்கள் கையிலேயே செத்துப்போனது. மாநில அரசு அனுமதியை ரத்து செய்தது. கூண்டில் வாழ்வதைவிட அவை கௌரவமாகவே சாகட்டும் என்றுகூட ஒரு சாரார் வாதாடினார்கள்.

கோபம் நியாயம்தான். ஆனால் தொடாமல் விட்டதால் பிழைத்ததா? 1982-ல் மிச்சம் 22 பறவைகள்தான்.

அதே வருடம் ஒரு கூத்து நடந்தது. தூரத்திலிருந்து ஆய்வாளர்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே, யார் அடைகாப்பது என்று ஒரு ஜோடி சண்டை போட்டு முட்டையை மலையிலிருந்து உருட்டிவிட்டது. (நம்ம வீட்டுச் சண்டை மாதிரியேதான்!) பிறகு அதே ஜோடி இன்னொரு முட்டை இட்டது. அப்படியென்றால் முதல் முட்டையை எடுத்தாலும் நஷ்டமில்லையே! முட்டை எடுக்க அனுமதி கேட்டவர்களுக்கு இது பெரிய பலம். 1983-ல் சான் டியாகோ மிருகக்காட்சிசாலையில் முதல் குஞ்சு பொரிந்தது.

ரேடியோ கருவி கட்டவும் அனுமதி திரும்பக் கிடைத்தது. 1984-ல் கருவி கட்டிய ஒரு பறவை இறந்தபோது, வயிற்றுக்குள் ஈயத் துணுக்கு இருந்தது. வேட்டைக்காரர்கள் சுட்டுப்போட்ட விலங்கைத் தின்றால் குண்டும் சேர்ந்து உள்ளே போகிறது. தொட்டுப் பார்க்காமல் இது தெரிந்திருக்காது.

1987-ல் கடைசிக் காட்டுப் பறவையையும் பிடித்தபோது மொத்தம் 27. இன்று ஐந்நூறைத் தாண்டிவிட்டது. வேட்டையில் ஈயக்குண்டுக்குக் கலிபோர்னியா முழுத் தடை போட்டது மட்டும் 2019-ல்தான்.