செங்கல்பட்டு ஓலைக் கணக்குகளும் தரவு என்னும் கருத்தும்

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த செங்கல்பட்டு ஜாகீரில், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளரின் பொறுப்பில் ஏறத்தாழ 2,000 ஊர்களின் விவரங்கள் திரட்டப்பட்டன. இவற்றுக்கு அடிப்படையானவை ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய தமிழ்க் கணக்குகள். இன்று கணினி அறிவியலின் முதற்பாடமாகக் கற்பிக்கப்படும் கருத்துகள் பலவற்றை இக்கணக்குகளில் தெளிவாகக் காணலாம்.

ஒவ்வோர் ஊருக்கும் நிலத்தின் வகை, ஏரி, வீடுகள், குடிகளின் தொழில், விளைச்சல், அதிலிருந்து பிரிக்கப்படும் பங்குகள் ஆகியவை ஒரே வரிசையில் குறிக்கப்பட்டன. இவ்வாறு குறிக்கப்படும் தனித்தனி விவரமே தரவு எனப்படும். விளைச்சல் போன்ற ஒரு தலைப்பு புலம் என்றும், ஓர் ஊரைப் பற்றிய புலங்களின் தொகுப்பு பதிவு என்றும், பதிவுகள் ஒரே அமைப்பில் அடுக்கப்பட்ட தொகுதி தரவுத்தளம் என்றும் வழங்கப்படுகின்றன.

களத்தில் குவிந்த நெல்லிலிருந்து கோயிலுக்கும், கணக்குப்பிள்ளை, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியான் முதலியோருக்கும் உரிய பங்கு, சுதந்திரம், மேரை என்னும் பெயர்களில் வரையறுத்த விதிப்படி பிரிக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, கலத்துக்கு அரைப்படி என்பது ஒருவரின் பங்கானால், 200 கலம் நெல்லுக்கு அவருக்குச் சேர்வது 100 படி. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பதால், அது ஒரு கலமும் நான்கு படியும் ஆகும். விளைச்சல் உள்ளீடு, பங்கு வெளியீடு. இரண்டுக்கும் இடையே யார் செய்தாலும் ஒரே விடை தரும்படி வகுத்த படிகளின் வரிசையே நெறிமுறை எனப்படுகிறது.

இதற்கான பயிற்சி திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்வதில் தொடங்கியது. பெருக்கல் வாய்பாடுகள் நினைவில் இருந்ததால், விடையை மீண்டும் கணக்கிடாமல் எடுத்துச் சொல்ல முடிந்தது. கணினியும் அடிக்கடி தேவைப்படும் விடைகளை நினைவகத்தில் இவ்வாறே சேமித்து வைத்துக்கொள்கிறது. ஒன்றை அரை, கால், அரைக்கால், மாகாணி எனத் தொடர்ந்து பாதியாக்கும் தமிழ்ப் பின்னங்களை அறிந்த மாணவருக்கு, பூச்சியத்தையும் ஒன்றையும் மட்டும் கொண்டு, இடத்துக்கு இடம் மதிப்பு இரட்டிக்கும் இருநிலை எண்முறை கடினமாகத் தோன்றாது.

தரவைத் திரட்டுவோரின் நோக்கமே அதன் வடிவத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பதும் இங்கே கற்கத்தக்கது. கம்பெனி வேண்டியது வருவாய் பற்றிய அறிவு. ஆனால் பின்னாளில் தரம்பால் போன்ற ஆய்வாளர்கள் அதே பதிவுகளில் ஊர்ச் சமூகத்தின் அமைப்பைத் தேடினர். ஜப்பானிய வரலாற்றாசிரியர் ட்சுகாசா மிசுஷிமா அவற்றைக் கணினியில் ஏற்றி, நிலப்படங்களுடன் இணைத்து ஆராய்ந்தார். ஒழுங்காக வகுக்கப்பட்ட பதிவுகள், எழுதியவர் எண்ணாத கேள்விகளுக்கும் விடை தரும் என்பதற்கு இது சான்று.

இக்கணக்கோலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. பழைய மாமல்லபுரம் சாலையில், சிறுசேரித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குத் தெற்கே அமைந்த திருப்போரூரின் கணக்கு நூலாகவும் வெளிவந்துள்ளது. செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிகளில் கணினிப் பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர்கள், இயந்திரத்தின் உறுப்புகளை விளக்குமுன் இக்கணக்குகளில் ஒன்றை மாணவர் முன் வைத்து, அதை அட்டவணையாக்கச் செய்வது நன்று. கணிப்பியலின் அடிப்படை ஒழுங்கான சிந்தனையே என்பதை அவர்கள் தம் ஊரின் வரலாற்றிலிருந்தே அறிந்துகொள்வர்.