புங்குடுதீவு தந்த மெய்யுள்

செய்யுள் என்னும் சொல் தமிழிலே தொன்மையானது. ‘மெய்யுள்’ என்னும் சொல்லோ இருபதாம் நூற்றாண்டிலே, யாழ்ப்பாணத் தீவுகளுள் ஒன்றாகிய புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் (1935–1973) என்பவரால் ஆக்கப்பட்டது. எழுதுவோன் தான் எழுதியவாறே வாழ்தல் வேண்டும் என்னும் கடுமையான விதி அச்சொல்லினுள் அடங்கியிருந்தது. ஈழத்து இலக்கிய உலகில் அஃது எழுப்பிய சர்ச்சைக்கும் ஊட்டிய உரத்திற்கும் அவ்விதியே காரணமாயிற்று.

பேராதனைப் பல்கலைக்கழகத்திற் கற்று ஆசிரியராகப் பணிபுரிந்த தளையசிங்கம், ‘புதுயுகம் பிறக்கிறது’ என்னும் சிறுகதைத் தொகுதியை 1965ஆம் ஆண்டில் வெளியிட்டார். பேராசிரியர் க. கைலாசபதி முதலிய முற்போக்குத் திறனாய்வாளரின் செல்வாக்கு ஓங்கியிருந்த காலம் அது. அவர்கள் வேண்டிய சமத்துவத்தை இவரும் வேண்டினார். ஆயினும், பொருளியல் மாற்றம் ஒன்றே மனிதனை விடுவிக்கும் என்பதை இவர் ஏற்றிலர். அரவிந்தரின் பரிணாமச் சிந்தனையும் காந்தியடிகளின் சர்வோதய நெறியும் இவரைக் கவர்ந்தன. ‘போர்ப்பறை’ 1970ஆம் ஆண்டிலும், ‘மெய்யுள்’ ஆசிரியர் மறைந்தபின் 1974ஆம் ஆண்டிலும் நூலுருப்பெற்றன. கதை, கவிதை, கட்டுரை என்னும் வரம்புகளைக் கடந்த ஒரு புதிய வடிவம் வேண்டும் என்பது இவர் கோட்பாடு. அதனை ஆன்மிக மயக்கம் என மார்க்சியவாதிகள் கண்டித்தனர்.

மரபை மீறிய எழுத்து எதிர்ப்பைச் சந்தித்தல் பிற நாடுகளிலும் நிகழ்ந்ததே. அமெரிக்கக் கவிஞர் அலன் கின்ஸ்பேர்க் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹவுல்’ என்னும் கவிதைநூல், ஆபாசமானதென்று அடுத்த ஆண்டிலே சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. நீதிபதி அக்குற்றச்சாட்டை ஏற்கவில்லை. அங்கே சோதனைக்கு உள்ளானது கவிஞனின் சொல். புங்குடுதீவிலோ எழுத்தாளனின் வாழ்வே சோதனைக்கு உள்ளாயிற்று.

அத்தீவிலே நன்னீர் அரிது. கிணறுகள் பல உவர்நீர் உடையன. கிடைத்த நன்னீரையும் ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே அள்ளலாகாதென்று சாதிவழக்கம் தடுத்தது. அவ்வுரிமையை வேண்டித் தளையசிங்கம் 1971ஆம் ஆண்டில் கண்ணகி அம்மன் கோயிற் கிணற்றிலே சத்தியாக்கிரகம் நடத்தித் தாக்குதலுக்கு உள்ளானார். ஈராண்டின் பின், முப்பத்தெட்டு வயதளவில், உயிர்நீத்தார். ‘மெய்யுள்’ விதித்த நிபந்தனையை அதன் ஆசிரியர் நிறைவேற்றிய இடம் அக்கிணற்றடியாகும்.

மெய்யுள் வடிவத்தைக் கையாண்டோர் மிகச் சிலரே. எனினும், அதன் உயிர்ப்பு ஈழத்துக் கவிதையிற் கலந்தது. தளையசிங்கத்தின் தம்பியாகிய மு. பொன்னம்பலம் அண்ணனின் சிந்தனையோடு உடன்வளர்ந்தவர். அவரது ‘அது’ என்னும் கவிதைத் தொகுதி 1968ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதே தீவினரான சு. வில்வரத்தினம் (1950–2006) இந்நெறியில் வந்த மற்றொரு கவிஞர். போரினால் 1990–91ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபின், ஆளற்றுப்போன ஊரின் துயரை அவர் ‘காற்றுவெளிக் கிராமம்’ (1995) என்னும் தொகுதியிலே பாடினார். தமிழ்நாட்டிற் சுந்தர ராமசாமியும் ஜெயமோகனும் தளையசிங்கத்தின் எழுத்துக்களை ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

ஆகவே, மெய்யுளை அதன் வடிவப் புதுமை ஒன்றே கொண்டு மதிப்பிடுதல் பொருந்தாது. ‘சத்திய யுகம்’ பற்றிய அதன் எதிர்பார்ப்பை ஏலாதாரும், எழுதியதற்குத் தன் உடலையே பிணையாக வைத்த ஆசிரியனை மறுத்தல் அரிது. தீவின் கவிஞர்கள் அவரிடமிருந்து பெற்றுக்கொண்டது அந்நேர்மையையே.