பங்காளிச் சண்டை

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் என் நண்பர் வீடு. சமீபத்தில் அங்கே போயிருந்தபோது, அப்பாவும் பிள்ளையும் இரண்டு நாளாகப் பேசிக்கொள்வதில்லை என்றார்கள். விசாரித்தேன். பையன் கேம் ஆடுவதற்காக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறான். அப்பா சீட்டு எடுத்த பணம் 80,000 ரூபாய் பீரோவில் தயாராக இருக்கிறது. தகராறு, அதில் போடுகிற பிராசஸர் இன்டெலா, ஏ.எம்.டி.யா என்பதில்.

நண்பர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 2000களின் தொடக்கத்தில், ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களை நம்பி இதே சாலையில் பிரவுசிங் சென்டர் நடத்தியவர். ஆறு கம்ப்யூட்டர்கள். ஆறையும் சென்னை ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, தன் கையாலேயே கோத்தவர். எல்லாம் இன்டெல். கடையை மூடுகிறவரை ஓடின.

"ஏ.எம்.டி. சூடாகும்யா. நம்ம ஊரு வெயில் தெரியும்ல? மே மாசம் மலையே கொதிக்கும். அதுல இவன் ஒரு அடுப்பு வாங்கி வைக்கப் போறானாம்" என்றார்.

"மாமா, அப்பா இன்னும் 2001லயே இருக்காரு. நீங்களாவது சொல்லுங்க" என்றான் பையன்.

நான் என்னத்தைச் சொல்ல? இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. தவிரவும் அது அந்த வீட்டில் ஆரம்பித்த சண்டை இல்லை. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக நடக்கிற பங்காளிச் சண்டை.

பங்காளிகள்தான், சந்தேகமே வேண்டாம். கலிஃபோர்னியாவில் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்று ஒரு கம்பெனி. 1968ல் அங்கிருந்து ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் வெளியேறி இன்டெலைத் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே, 1969 மே மாதம், அதே ஃபேர்சைல்டில் மார்க்கெட்டிங் பார்த்துக்கொண்டிருந்த ஜெர்ரி சாண்டர்ஸ் இன்னும் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு ஏ.எம்.டி.யை ஆரம்பித்தார். ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள்.

1981ல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது அதற்குள் இருந்தது இன்டெலின் 8088. ஆனால் ஐ.பி.எம். ஒரு நிபந்தனை போட்டது. இந்தச் சில்லைத் தயாரிக்க இன்னொரு கம்பெனியும் இருக்க வேண்டும். நியாயம்தானே? ஒரே ஒரு கடையை நம்பிக் கல்யாணத்துக்கு மளிகை சொல்லுவோமா? இன்டெல் வேறு வழியில்லாமல் 1982ல் ஏ.எம்.டி.யுடன் ஒப்பந்தம் போட்டது. தன் சமையல் குறிப்பைத் தானே தூக்கிப் பங்காளி கையில் கொடுத்த மாதிரி.

கொடுத்துவிட்டு, வருத்தப்பட்டது. 1985ல் 386 வந்தபோது, இதைத் தரமாட்டேன் என்று கையை விரித்தது. வழக்கு, மத்தியஸ்தம், மேல்முறையீடு என்று வருஷக்கணக்கில் இழுத்தது. ஏ.எம்.டி. காத்திருக்கவில்லை. தானே முட்டி மோதி ஒரு 386 செய்து 1991ல் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. '386 எங்கள் பெயர்' என்று இன்டெல் கோர்ட்டுக்குப் போனது. வெறும் எண்ணை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தோல்வியில்தான் பிராண்டு பிறந்தது. எண் வேண்டாம், பெயர் வைப்போம். 586 என்று வந்திருக்க வேண்டிய சில்லு, 1993 மார்ச்சில் பென்டியம் என்று வந்தது. கிரேக்கத்தில் 'பென்டே' என்றால் ஐந்து. அதற்கு முன்பே, 1991ல், 'இன்டெல் இன்சைட்' விளம்பரம் ஆரம்பமாகியிருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் தங்கள் விளம்பரத்தில் அந்த முத்திரையைப் போட்டால், விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் ஏற்றுக்கொள்ளும். யோசித்துப் பாருங்கள். தோசை சாப்பிடுகிறவன் உளுந்து எந்த மண்டி என்று கேட்பானா? கேட்க வைத்தார்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு உதிரி பாகத்தின் பெயரை, கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இந்தக் கதையில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். வினோத் தாம். புனேவில் பிறந்து, டெல்லி காலேஜ் ஆஃப் இன்ஜினீயரிங்கில் படித்தவர். 1970களின் நடுவில் அமெரிக்காவுக்குப் போய் இறங்கியபோது பையில் 8 டாலர்தான் இருந்தது என்பார்கள். 1979ல் இன்டெலில் சேர்ந்தார். பென்டியத்தை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பென்டியத்தின் தந்தை என்றே பெயர் வாங்கினார்.

1994ல் ஒரு கண்டம். வர்ஜீனியாவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர், பென்டியம் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். சாதாரண ஆட்களுக்கு இது தட்டுப்படவே படாது என்று இன்டெல் முதலில் சமாளித்தது. ஊர் சிரித்தது. கடைசியில், கேட்கிறவர்களுக்கெல்லாம் புதுச் சில்லு தருகிறோம் என்று இறங்கிவந்தார்கள். அந்த வகையில் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். நான் இதை இன்டெலின் பலவீனமாகப் பார்க்க மாட்டேன். முத்திரை குத்தி விற்றால், முத்திரைக்கு வந்த அவமானத்துக்கும் நாம்தான் மொய் எழுத வேண்டும்.

1995ல் வினோத் தாம் இன்டெலை விட்டார். போன இடம் நெக்ஸ்ஜென் என்ற சின்னக் கம்பெனி. இன்டெலுக்குப் போட்டியாகச் சில்லு செய்துகொண்டிருந்தவர்கள். கொஞ்ச நாளில் அந்த நெக்ஸ்ஜெனை அப்படியே விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? ஏ.எம்.டி. பென்டியத்தின் தந்தை இப்போது பங்காளி வீட்டில்! 1997 ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் கே6 வெளியானது. நெக்ஸ்ஜென் போட்டுவைத்திருந்த அஸ்திவாரத்தின்மேல், தாமும் இருந்து கட்டிய சில்லு. 2025ல் அவருக்கு பத்மபூஷண் அறிவித்தார்கள். அவர் எந்தக் கம்பெனி ரசிகர் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கே6ல் ஒரு விசேஷம் உண்டு. மதர்போர்டில் பிராசஸர் உட்காருகிற இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். பென்டியம் உட்கார்ந்தது சாக்கெட் 7ல். கே6ம் அதே சாக்கெட் 7ல் உட்கார்ந்தது. போர்டு ஒத்துழைத்தால் அதைக் கழற்றிவிட்டு இதைச் செருகலாம். வேறு எதையும் மாற்ற வேண்டாம். அசெம்பிள் செய்கிறவர்களுக்குப் பொற்காலம்.

நீடிக்கவில்லை. அதே 1997ல் பென்டியம் 2ஐ வேறு மாதிரியான பொருத்தியில், ஸ்லாட் 1ல், இன்டெல் கொண்டுவந்தது. அதற்கான உரிமை ஏ.எம்.டி.க்கு இல்லை. 1999ல் ஏ.எம்.டி. தன் ஆத்லானுக்கு ஸ்லாட் ஏ என்று ஒன்றைச் செய்தது. பார்த்தால் அதே பொருத்திதான், ஆனால் திருப்பி வைத்தது. மின் இணைப்பு முற்றிலும் வேறு. அன்றைக்குப் பிரிந்தது பாகம். அதற்குப் பிறகு நீங்கள் எந்தக் கம்பெனிக்கு விசுவாசம் என்பதை உங்கள் மனசு தீர்மானிப்பதில்லை. போன தடவை வாங்கிய மதர்போர்டு தீர்மானிக்கிறது.

சரி, நண்பரின் அடுப்புக்கு வருவோம். அது எங்கிருந்து வந்தது?

2000 மார்ச்சில் ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகத்தை ஏ.எம்.டி. முதலில் தொட்டது. இரண்டே நாளில் இன்டெலும் தொட்டது. அப்படி ஒரு ஓட்டப்பந்தயம். 2001ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற சோதனைக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசஸர் மேல் இருக்கிற ஹீட் சிங்க்கைப் பிடுங்கி எடுத்து, அதை வீடியோ பிடித்தார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஆத்லான் புகைந்து செத்தது. உலகம் முழுக்கப் பார்த்தார்கள். ஓடுகிற மெஷினில் ஹீட் சிங்க்கை யாரய்யா பிடுங்குவார்கள் என்று கேட்கலாம். ஆனால் புகையைப் பார்த்தவன் மறப்பானா? நண்பர் நம்புவது வெறும் வதந்தி இல்லை. பழைய உண்மை.

அவர் பார்க்காமல் விட்டது அதற்கடுத்த அத்தியாயம். 2004ல் வந்த பிரெஸ்காட் என்ற பென்டியம் 4, சூட்டுக்கே பெயர் போனது. 4 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறேன் என்று அறிவித்திருந்த இன்டெல், அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இஸ்ரேலில் இருந்த அதன் குழு வேறு வழியில் யோசித்துச் செய்த சில்லுகளின் வம்சத்தில்தான் 2006ல் கோர் 2 டுயோ வந்து மானத்தைக் காப்பாற்றியது. அடுப்பு வீடு மாறியது, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு அசிங்கமும் நடந்தது. 2009ல் ஐரோப்பியக் கமிஷன் இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் போட்டது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? விசுவாசத் தள்ளுபடி. எங்களிடமே பெரும்பாலும் வாங்கினால் விலையைக் குறைக்கிறோம் என்று கம்ப்யூட்டர் கம்பெனிகளிடம் பேசிவைத்தது. தள்ளுபடி பற்றிய அந்தத் தீர்ப்பு நிற்காது என்று 2022ல் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து செய்தது. 2024ல் மேல் நீதிமன்றமும் அதையே சொன்னது. வழக்கின் வேறொரு பகுதிக்கு 2023ல் தனியாக அபராதம் வந்தது. ஏ.எம்.டி. போட்டிருந்த வழக்கை, 2009ல் 125 கோடி டாலர் கொடுத்து இன்டெல் முடித்துக்கொண்டது. சட்டம் எப்படி வேண்டுமானாலும் போகட்டும். கடையில் போய் நாமாகத் தேர்ந்தெடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், நமக்கு முன்னாலேயே யாரோ பேரம் பேசி முடித்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

ஏ.எம்.டி. மட்டும் உத்தமமா? 2011ல் எட்டு கோர் என்று புல்டோசர் சில்லை விற்றார்கள். அது நிஜமாகவே எட்டுதானா என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2019ல் 1.21 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. ஏமாந்தவர்கள் யார்? இன்டெல் பக்கமே போகமாட்டேன் என்று ஏ.எம்.டி.யைக் கட்டிக்கொண்டிருந்த பக்தர்கள்.

2017ல் ரைசன் வந்தபிறகு காற்று மாறியது. முக்கியமாக ஏ.எம்.4 சாக்கெட். 2017ல் வாங்கிய பல போர்டுகளில், பயாஸை அப்டேட் செய்துவிட்டு, 2022ல் வந்த 5800எக்ஸ்3டியைப் போட முடிந்தது. இதே காலத்தில் இன்டெல் 1151, 1200, 1700 என்று சாக்கெட் மாற்றிக்கொண்டிருந்தது. அதற்காக ஏ.எம்.டி.க்குக் கற்பூரம் காட்ட வேண்டாம். 2020ல் பழைய போர்டுகளில் புதுச் சில்லு ஓடாது என்று அவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். வாங்கியவர்கள் கத்தியபிறகுதான் இறங்கிவந்தார்கள்.

2024ல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் சில்லுகள், உள்ளே வோல்டேஜ் எகிறி நிலைதடுமாறுகின்றன என்று தெரியவந்தது. வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள். பையன் பேச்சில் இருந்த நியாயம் இது.

இத்தனைக்கும், கேம் ஆடுகிறவன் அதிகம் செலவழிக்க வேண்டியது பிராசஸரில் இல்லை, கிராபிக்ஸ் கார்டில். அங்கேயும் பங்காளிகள்தான். என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் இளவயதில் வேலை பார்த்தது ஏ.எம்.டி.யில். 2014ல் ஏ.எம்.டி.யின் தலைமைக்கு வந்த லிசா சூவும் அவரும் தைவானில் பிறந்தவர்கள், தூரத்துச் சொந்தம். அவர்கள் ஒரே விசேஷத்தில் சந்தித்துக்கொண்டால் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். செங்கம் சாலையில் இரண்டு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை!

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். நண்பர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்தே ரிச்சி தெருவுக்குப் போயிருக்கிறார்கள். கடைக்காரரிடம் நண்பர் கேட்டது ஒரே கேள்வியாம்.

"தம்பி, ரெண்டு வருஷம் கழிச்சு வேற பிராசஸர் மாத்தணும்னா இதே போர்டுல உக்காருமா?"

சாக்கெட் 7 காலத்து ஆள் அல்லவா.

வாங்கியது ஏ.எம்.டி. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். விஷயத்தில் நண்பர் மசியவில்லை. பையன் பார்த்துவைத்திருந்த மலிவானதைத் தள்ளிவிட்டு, இரண்டு மடங்கு விலையில் ஒன்றை எடுத்திருக்கிறார். எங்கள் பக்கத்து கரண்ட் ஏறி இறங்குகிற அழகுக்கு அதுதான் சரி. அதில் அவர் சொல்தான் செல்லும்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு வைத்த கேபினட்டுக்குள் கலர் கலராக லைட் எரிகிறது. அதன் நெற்றியில் ஒரு பழைய ஸ்டிக்கர், ஓரம் சுருண்டு, பாதி அழிந்து போயிருந்தது. 'இன்டெல் இன்சைட்'. பரணில் கிடந்த பிரவுசிங் சென்டர் மெஷினிலிருந்து உரித்தெடுத்து, ஃபெவிகால் போட்டு ஒட்டியிருக்கிறார் நண்பர். பையன் இன்னும் பிய்க்கவில்லை.