டிசென்டன்ட்ஸ்: மறைந்தும் மீண்டும் வந்த ஒரு இசைக்குழு

பங்க் இசையின் வேகத்தையும் ஆத்திரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஒருமுறை கேட்டாலே முணுமுணுக்கத் தோன்றும் மெட்டுகளை அதில் சேர்த்ததுதான் பாப்-பங்க். அமெரிக்காவில் அந்தப் பாணிக்கு அடித்தளம் போட்டவர்களில் டிசென்டன்ட்ஸ் குழுவுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே கடலோர ஊரான மேன்ஹாட்டன் பீச்சில் 1970களின் கடைசியில் குழு தொடங்கியது. ஃபிராங்க் நவெட்டா கிட்டாரும் பில் ஸ்டீவன்சன் டிரம்ஸும் வாசித்தார்கள். பேஸ் வாசித்த டோனி லொம்பார்டோ மற்றவர்களைவிட வயதில் மிகவும் மூத்தவர், தபால்காரராக வேலை பார்த்தவர். 1980இல் மைலோ ஆக்கர்மன் பாடகராக வந்து சேர்ந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, படிப்பில் கெட்டிக்காரரான பையன். பங்க் மேடைக்குச் சற்றும் பொருந்தாத அந்தத் தோற்றமே பின்னாளில் குழுவின் முத்திரையாகிவிட்டது.

1981இல் வந்த 'ஃபேட்' என்ற சிறிய இசைத்தட்டில் பாடல்கள் பெரும்பாலும் சாப்பாட்டையும் வீட்டுச் சண்டைகளையும் பற்றியவை. ஒரு பாடல், துரித உணவுக் கடையில் ஆர்டர் சொல்வதோடு சில நொடிகளில் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு வெளிவந்தது முதல் முழு ஆல்பம், 'மைலோ கோஸ் டு காலேஜ்'. 15 பாடல்கள், மொத்தம் 22 நிமிடம். பெயரே செய்தி: பாடகர் உயிரியல் படிக்கக் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டார். பள்ளித் தோழர் ஒருவர் மைலோவைக் கிண்டலாக வரைந்துவந்த கேலிச்சித்திரத்தின் சாயலில் அமைந்த முகம்தான் அதன் அட்டையில் இருந்தது. சட்டைகளிலும் ஒட்டுப்படங்களிலும் ரசிகர்களின் பச்சைகுத்தல்களிலும் இன்றும் அதே முகம்தான்.

குழு வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் பாடகர் படிக்கப் போனது பெரிய இழப்பாகவே தெரிந்திருக்கும். குழுவின் பிற்கால வாழ்க்கையைத் தீர்மானித்ததும் அந்த முடிவுதான். ஸ்டீவன்சன் பிளாக் ஃபிளாக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கப் போனார். 1985இல் மீண்டும் கூடி 'ஐ டோன்ட் வான்ட் டு க்ரோ அப்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். நவெட்டா அதற்குள் விலகியிருந்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த பேஸ் கலைஞர் கார்ல் அல்வாரெஸும் கிட்டார் கலைஞர் ஸ்டீஃபன் எகர்ட்டனும் வந்து சேர, குழு இன்றுவரை நீடிக்கும் வடிவத்தை அடைந்தது. 1987இல் மைலோ முனைவர் பட்ட ஆய்வுக்காக மறுபடியும் போய்விட்டார்.

இந்த முறை மற்ற மூவரும் கலையவில்லை. 'ஆல்' என்று பெயரை மாற்றிக்கொண்டு வேறு பாடகர்களோடு ஊர் ஊராக வாசித்தார்கள். 1994இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸில் 'பிளாஸ்டிங் ரூம்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தையும் கட்டினார்கள். பாடகர் திரும்பிய ஒவ்வொரு முறையும் குழு துருப்பிடிக்காமல் இருந்ததற்கு இந்த இடைக்கால உழைப்பே காரணம். அதே 1994இல் கிரீன் டே, ஆஃப்ஸ்பிரிங் குழுக்களின் ஆல்பங்கள் லட்சக்கணக்கில் விற்று, பாப்-பங்க் வானொலி இசையாக மாறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து 'எவ்ரிதிங் சக்ஸ்' ஆல்பத்துடன் மைலோ திரும்பியபோது, தாங்கள் விதைத்த வயலில் மற்றவர்கள் அறுவடை செய்துகொண்டிருப்பதைக் குழு கண்டது. பிளிங்க்-182 போன்ற இளைய குழுக்கள் டிசென்டன்ட்ஸிடமிருந்து கற்றதை வெளிப்படையாகவே சொல்லிவந்தன.

2004இல் 'கூல் டு பி யூ' வெளிவந்ததும் மிக நீண்ட மௌனம் தொடங்கியது. மைலோ டெலவேரில் டூபான்ட் நிறுவனத்தில் தாவர உயிரியல் ஆராய்ச்சியாளராக வேலை பார்த்தார். 2008இல் நவெட்டா காலமானார். ஸ்டீவன்சனுக்கு நுரையீரலில் ரத்த உறைவு ஏற்பட்டது, பிறகு மூளையில் பெரிய கட்டி இருப்பது தெரியவந்தது. 2010இல் அறுவை சிகிச்சையில் கட்டி அகற்றப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் நடந்த இசை விழாவில் குழு மேடையேறியது. அதற்குப் பிறகு கச்சேரிகள் தொடர்ந்தன, ஆனால் புதிய ஆல்பம் வர மேலும் ஆறு ஆண்டுகள் பிடித்தன.

2016 ஜூலையில் எபிடாஃப் நிறுவனம் வெளியிட்ட 'ஹைப்பர்கஃபியம் ஸ்பாசினேட்' பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஆல்பம். நால்வரும் ஒரே அறையில் கூடி உருவாக்கியதல்ல அது. டிரம்ஸும் பேஸும் ஃபோர்ட் காலின்ஸில் பதிவாயின, கிட்டார் ஓக்லஹோமாவின் டல்சாவில், குரல் டெலவேரில். இப்படித் துண்டுதுண்டாகப் பதிவானாலும் பாடல்கள் சிதறிக் கிடக்கவில்லை. முப்பது ஆண்டுகள் சேர்ந்து வாசித்தவர்களுக்கு ஒருவர் கை எங்கே விழும் என்பது மற்றவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடி போட்ட பழைய முகம் இந்த அட்டையில் ஆய்வகக் குடுவையாக மாறியிருந்தது. ஆல்பத்தின் பெயரிலேயே ஒலிக்கும் கஃபீன், குழுவின் ஆரம்ப காலம் முதல் பாடல்களில் நுரைத்த காபி வெறியின் நினைவு.

இந்த ஆல்பத்தின் நேர்மையே அதன் பெரிய பலம். ஐம்பதை எட்டியவர்கள் பதினெட்டு வயதுக்காரர்களாக நடிக்கவில்லை. இளமையில் உணவின் மீது கொண்ட மோகத்தைப் பாடிய அதே குழு, 'நோ ஃபேட் பர்கர்' பாடலில் பர்கரைத் தொடவே கூடாத உடல்நிலையைப் பாடியது. 'லிமிட்டர்' பாடலில் குழந்தைக்குக் கவனக்குறைபாட்டு மாத்திரை கொடுப்பதில் ஒரு தந்தைக்கு ஏற்படும் உறுத்தல் இருக்கிறது. வேகம் குறையவில்லை, பெரும்பாலான பாடல்கள் இரண்டு நிமிடத்தைச் சுற்றியே முடிந்தன.

அதே 2016இல் மைலோவின் டூபான்ட் வேலையும் முடிவுக்கு வந்தது, இசை அவருக்கு முழுநேரத் தொழிலானது. 2021 ஜூலையில் '9த் அண்ட் வால்நட்' வெளிவந்தது. லாங் பீச்சில் குழு ஆரம்பத்தில் பயிற்சி செய்த இடத்தின் முகவரிதான் அந்தப் பெயர். தொடக்க காலத்தில் எழுதிப் பதிவு செய்யாமல் விட்ட பாடல்களை நவெட்டா, லொம்பார்டோ, ஸ்டீவன்சன் மூவரும் 2002இல் வாசித்து வைத்திருந்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் மைலோ அவற்றுக்குக் குரல் கொடுத்தார். நவெட்டாவின் கிட்டார், அவர் மறைந்து பதிமூன்றாவது ஆண்டில், அந்த ஆல்பத்தில் ரசிகர்களுக்குக் கேட்கக் கிடைத்தது.