கதவை உடைக்கலாம் என்றார் ஹில்லேல்

கடன்காரன் என்னும் சொல்லை நம் மொழி கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் பொதுவாக வைத்திருக்கிறது. இருவருள் ஓடி ஒளிபவன் வாங்கியவனே என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் யூதேயாவில் ஒளிந்தவனோ, பணம் கொடுத்தவன்.

வறுமையால் விற்ற நிலம் ஐம்பதாம் ஆண்டான யூபிலியில் உரியவனிடம் திரும்பும் என்கிறது லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம். மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு அச்சலுகை இல்லை. விற்றவன் ஓராண்டுக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்க வேண்டும். தவறினால் அது என்றென்றைக்கும் வாங்கியவனுக்கே. பெயர் விற்பனை, நடப்பு ஏறக்குறைய ஒத்தி. வாங்கியவன் குடியிருந்தும் அனுபவித்து, முதலையும் குறையாமல் பெறுகிறான் அல்லவா? இது வட்டி போன்றது, ஆயினும் வட்டியன்று என்று மிஷ்னாவே சொல்லிவிடுகிறது.

ஆண்டின் கடைசி நாளன்று வாங்கியவன் தலைமறைவாகிவிடுவது வழக்கமாயிற்று. கையில் பணமிருந்தும் விற்றவன் வீட்டை இழந்தான். ஏரோது காலத்தவரான ஹில்லேல் இதற்கு வழி கண்டார். பணத்தை ஆலயத்தின் அறையில் செலுத்திவிட்டு, விற்றவன் கதவை உடைத்து வீட்டுக்குள் போகலாம். மற்றவன் வேண்டும்போது வந்து பணத்தை எடுத்துக்கொள்ளட்டும். மிஷ்னாவின் அராக்கீன் பகுதியில் இச்செய்தி சில வரிகளில் முடிந்துவிடுகிறது. பணத்தைப் பத்திரப்படுத்துவதோடு நில்லாமல் கதவையும் உடைக்கச் சொன்னதில்தான் ஹில்லேலின் உலகறிவு தெரிகிறது. வழக்காடி வா என்றிருந்தால் ஏழை தெருவிலேயே நின்றிருப்பான்.

நான்காம் நூற்றாண்டின் பாபிலோனிய அறிஞர் ராவா இதிலிருந்து ஒரு நுட்பம் கண்டார். தனி விதி தேவைப்பட்டதென்றால், விரும்பாதவனுக்குக் கொடுப்பது பொதுவில் கொடுத்ததாகாது என்பதே அது. எதிரில் நிற்பவனிடம் கொடுத்தால் செல்லும், விதி ஆளில்லாதபோது மட்டுமே என்று மறுத்தாரும் உண்டு. மறுத்தவர் பக்கமே நம் மனம் சாய்கிறது.

இந்தியாவில் யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் இதே சிக்கலைத் தொடுகிறது. ஏற்க மறுத்த பணத்தை நடுவன் ஒருவனிடம் வைத்துவிட்டால் அதன்பின் வட்டி ஏறாது. மீட்க வந்தவனுக்கு அடகுப்பொருளை விடாதவன் திருடன். கொடுத்தவன் இல்லையெனில் அவன் குடும்பத்தாரிடம் பணத்தை வைத்து அடகை மீட்கலாம். திருடன் என்ற அச்சொல்லைப் பிற்காலச் சட்டங்கள் எவையும் துணிந்து சொன்னதாகத் தெரியவில்லை.

வங்காளத்தில் கெடு கடந்தால் நிலம் கடன் கொடுத்தவனுக்கே என்னும் நிபந்தனை விற்பனைகளில் மோசடி மிகவே, 1798ஆம் ஆண்டின் முதலாம் ஒழுங்குவிதி வந்தது. கெடுவுக்குள் திவானி அதாலத்தில் பணத்தைக் கட்டினால் மீட்கும் உரிமை அழியாது என்றது அது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 83ஆம் பிரிவில், அடமானக் கடனை நீதிமன்றத்தில் செலுத்த இடமளித்தது. ஆலய அறையின் இடத்தில் இப்போது நீதிமன்றக் கருவூலம். கதவை உடைக்கும் அனுமதி மட்டும் அதில் இல்லை.