தேர்வு அச்சம்: ஓர் அறிவியல் வரலாறு

தேர்வு மண்டபத்தில் வினாத்தாளை வாங்கும் மாணவனின் உள்ளங்கை வியர்க்கிறது; நெஞ்சு படபடக்கிறது; நா வறள்கிறது. படித்ததெல்லாம் மறந்துவிட்டது, இனித் தேறமாட்டோம் என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். உடல் காட்டும் இந்த அறிகுறிகளின் பொருள் அதுதானா? இக்கேள்விக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி இருக்கிறது.

அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவரும் ஒரு மாணவரே. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த வால்டர் கேனன், 1896 இறுதியில், அப்போது புதிதாகக் கண்டறியப்பட்டிருந்த எக்ஸ் கதிர்களைக் கொண்டு விலங்குகளின் செரிமானத்தை ஆராயப் புகுந்தார். பிஸ்மத் உப்பு கலந்த உணவைப் பூனைக்கு ஊட்டி, அதன் இரைப்பை அசைவதைக் கண்டார். பூனை அஞ்சியோ சினந்தோ கலங்கியபோது அந்த அசைவு நின்றுவிட்டது!

பின்னர் அவர் இதன் காரணத்தைத் தேடினார். அச்சம் ஏற்பட்டதும் சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. கல்லீரல் சர்க்கரையை வெளியிடுகிறது. குருதி வயிற்றை விட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது. எதிரியோடு போரிட, அல்லது தப்பி ஓட, உடல் ஆயத்தமாகிறது. 1915இல் கேனன் வெளியிட்ட நூலில் ஒரு சுவையான செய்தி உண்டு. கடினமான தேர்வு ஒன்றை எழுதிய 9 மருத்துவ மாணவர்களின் சிறுநீரைச் சோதித்ததில், 4 பேருக்குச் சர்க்கரை காணப்பட்டது. எளிய தேர்வுக்குப் பின் சோதித்தபோது ஒருவருக்கே இருந்தது. இவர்களுள் எவரும் நீரிழிவு நோயாளர் அல்லர்.

அப்படியானால் அச்சம் கற்றலுக்கு உதவுமா, தடையாகுமா? 1908இலேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் இதை எலிகளைக் கொண்டு ஆராய்ந்திருந்தனர். வெள்ளைப் பெட்டியைத் தேர்ந்தால் தொல்லை இல்லை. கறுப்புப் பெட்டியைத் தேர்ந்தால் மின்னதிர்ச்சி. நிற வேறுபாடு தெளிவாக இருந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் விரைவில் கற்றன. வேறுபாடு நுண்ணியதாக இருந்தபோதோ, கடும் அதிர்ச்சி கற்றலைத் தாமதப்படுத்தியது. மிதமானதே பயன் தந்தது. எலியிடம் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த இயலாது. எனினும், அடித்தும் மிரட்டியும் கணக்குக் கற்பிக்க முயல்வோர் எண்ணிப் பார்க்க வேண்டிய முடிவு இது.

1936இல் மான்டிரியாலில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே மற்றோர் உண்மையை வெளியிட்டார். குளிர், காயம், மிகை உழைப்பு, நஞ்சு ஆகிய எதனால் துன்புற்றாலும் எலிகளின் உடலில் ஒரேவித மாறுதல்கள் தோன்றின. அட்ரினல் பெருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் உண்டாயிற்று. முதலில் விழிப்பு, பின் எதிர்த்து நிற்றல், இறுதியில் சோர்வு என்று இதை மூன்று கட்டங்களாக அவர் பிரித்தார். இயற்பியலில் நாம் 'தகைவு' என்று படிக்கிறோமே, அந்த ஆங்கிலச் சொல்லே பின்னர் இந்நிலைக்கும் பெயராயிற்று. சிறிது நேர நெருக்கடியை உடல் தாங்கும். ஓய்வின்றி நீளும் நெருக்கடியே அதை அரிக்கிறது.

2010இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மேற்படிப்புத் தேர்வுக்கு ஆயத்தமான மாணவர்களுள் ஒரு பகுதியினரிடம், படபடப்பு தீங்கு செய்யாது, உதவவும் கூடும் என்று முன்கூட்டியே கூறப்பட்டது. கணக்குப் பகுதியில் அவர்கள் மற்றவர்களைவிட நன்கு செய்தனர்.

ஆகவே, வினாத்தாளைக் கண்டதும் நெஞ்சு படபடத்தால், அதைத் தோல்வியின் அறிகுறி என்று கொள்ள வேண்டியதில்லை. உடல் வேலைக்கு ஆயத்தமாகிறது, அவ்வளவே. எளிய வினாவை முதலில் எழுதத் தொடங்குக. ஆனால் வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் கெட்டால், அதை மறைக்காமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும். செல்யே கூறிய மூன்றாம் கட்டம் வரை எவரும் காத்திருக்கத் தேவையில்லை.